தொட்டிக்குளம் வைக்கலாம் வாங்க... ஆனால் மீன் எந்த ஊர் மீன்?



வாசலில் ஒரு சிமெண்ட் தொட்டி, அதில் இரண்டு அல்லி, நாலைந்து மீன். இந்த ஆசை இப்போது நிறைய பேருக்கு வந்திருக்கிறது. யூடியூபில் தேடினால் வெளிநாட்டுக்காரர்கள் மரப்பீப்பாயில் குளம் அமைக்கிறார்கள். நம்ம ஊரில் பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்தே அமைத்துவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான். நானும் இதற்குப் பலமான ஆதரவாளன்.

ஆனால் இதில் ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. தொட்டி எங்கே வாங்கியது, என்ன விலை என்றெல்லாம் கேட்கிறார்கள். "மீனும் செடியும் எந்த ஊர்?" என்று கேட்பதில்லை. என் கருத்து இதுதான்: குறிஞ்சிப்பாடியில் தொட்டிக்குளம் வைத்தால் அதில் குறிஞ்சிப்பாடி வாய்க்கால் மீனும், இந்தப் பக்கத்து ஏரிச் செடியும்தான் இருக்க வேண்டும். அது ஊர்ப்பற்று இல்லை. காரணம் இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் கொசுப் பிரச்சினை

தொட்டியில் தண்ணீர் தேக்கி வைக்கிறேன் என்று வீட்டில் சொன்னால் முதலில் வரும் பதில், "டெங்கு வந்துடும்டா!" நியாயமான பயம். 2012-லும் 2017-லும் தமிழ்நாட்டில் டெங்குவுக்கு, அரசுக் கணக்குப்படியே, ஒவ்வோர் ஆண்டும் அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள்.

டெங்குவைப் பரப்புவது ஏடிஸ் கொசு. சாக்கடைக் கொசு இல்லை, நல்ல தண்ணீர்க் கொசு. பகலில்தான் கடிக்கும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க நம்ம ஊர் வெயிலில் ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் பொரிந்துவிடும். இன்னொரு விஷயம், இந்தக் கொசு அதிக தூரம் பறப்பதில்லை. பெரும்பாலும் நூறு, இருநூறு மீட்டருக்குள்தான். அதாவது உங்களைக் கடிக்கும் ஏடிஸ் கொசு உங்கள் தெருவிலேயே பிறந்தது. உங்கள் வீட்டுப் பின்புறத்தில் பிறந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

அதனால்தான் டி.பி.சி. பணியாளர்கள் வீடு வீடாக வந்து டிரம், டயர், தேங்காய் சிரட்டை, பிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொல்கிறார்கள், அல்லது அபேட் மருந்து ஊற்றுகிறார்கள். சரியான வேலை. மீன் தொட்டி வைத்துவிட்டோம் என்று நாம் இதில் அலட்சியமாக இருக்கக் கூடாது. சிரட்டையிலும் டயரிலும் மீன் விட முடியாது, கவிழ்க்கத்தான் வேண்டும்.

ஆனால் மீன் இருக்கும் தொட்டி வேறு வகை. அங்கே கொசு முட்டையிட்டால் புழு வெளியே வந்ததும் மீனுக்கு இரை. கவனமாகப் பராமரித்தால் அதிலிருந்து கொசு கிளம்புவது அபூர்வம். "கவனமாக" என்று சொன்னதற்குக் காரணம், தொட்டி முழுக்க இலை மூடிக்கொண்டால் மீன் நுழைய முடியாத இடுக்குகளில் புழு தப்பிவிடும். தண்ணீர்ப் பரப்பில் பாதியாவது திறந்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறை தண்ணீர் மட்டத்துக்கு மேலே உள்ள ஓரத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துவிட வேண்டும், முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும். பணியாளர்கள் வந்தால் மீனைக் காட்டுங்கள், புழு இல்லை என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இதுவரை யாருக்கும் மறுப்பு இருக்காது. சிக்கல் இனிமேல்தான்.

"சரி, எந்த மீன்?"

கொசுவுக்கு மீன் என்றதும் இரண்டு பெயர்தான் வரும். ஒன்று கம்பூசியா, இன்னொன்று கப்பி. இரண்டும் அமெரிக்கக் கண்டத்து மீன்கள். கொசு ஒழிப்புக்காக நூறு வருடத்துக்கு முன்பு வாக்கில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டவை. உள்ளாட்சி அமைப்புகள் இப்போதும் கிணற்றிலும் குட்டையிலும் கம்பூசியா விடுகின்றன. பத்திரிகையில் படத்தோடு செய்தியும் வருகிறது.

கம்பூசியா புழு தின்னாது என்று நான் சொல்லவில்லை. தின்னும். ஆனால் அது புழுவோடு நிறுத்தாது. மற்ற மீன்களின் முட்டை, குஞ்சு, தவளையின் தலைப்பிரட்டை எல்லாவற்றையும் தின்னும். மற்ற மீன்களின் துடுப்பைக் கடித்துக் குதறும். முட்டையிடாமல் குட்டி போடும் இனம் என்பதால் வேகமாகப் பெருகும். உலகின் மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் நிபுணர் குழு போட்டது. அதில் கம்பூசியாவும் இருக்கிறது.

"அது ஏரியில் விட்டால்தானே? என் தொட்டியில் இருந்தால் யாருக்கு என்ன?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பதில் நம்ம ஊர் மழையில் இருக்கிறது.

கடலூர் மாவட்டத்துக்கு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். அதுவும் சீராகப் பெய்யாது. ஒரே ராத்திரியில் கொட்டும். 2015 நவம்பரில் இந்த மாவட்டம் பட்ட பாடு எல்லாருக்கும் நினைவிருக்கும். வாசலில் திறந்து கிடக்கும் தொட்டி ஒரு பெருமழைக்கே வழிந்துவிடும். வழிந்த தண்ணீரோடு மீன் தெருச் சாக்கடைக்கு, அங்கிருந்து வாய்க்காலுக்கு, வாய்க்காலிலிருந்து ஏரிக்கு. நம்ம பக்கம் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி, பரவனாறு எல்லாம் ஒன்றோடு ஒன்று தொடர்புள்ளவை. நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீரும் இந்த வழியாகத்தான் வந்து, கடைசியில் கடலூர் முதுநகர்ப் பக்கம் கடலுக்குப் போகிறது. ஆக உங்கள் தொட்டி "தனி" இல்லை. மழைக்காலத்தில் அது பெருமாள் ஏரியின் ஒரு மூலை!

மழையை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, நம் இரக்க குணம். தொட்டி வைத்து ஆறு மாதத்தில் சலித்துவிடும். அல்லது ஹாஸ்டலுக்குப் போக வேண்டி வரும். மீனைக் கொல்ல மனசு வராது. "பாவம், ஏரியில் விட்டால் பிழைத்துக்கொள்ளும்" என்று கொண்டுபோய் விடுவோம். வள்ளலாரின் வடலூர் பக்கத்து ஊர், நமக்கு இரக்கம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும் :-) ஆனால் அந்த ஒரு மீன் பிழைப்பதற்காக ஏரியில் இருக்கும் மற்ற உயிர்கள் சாவது என்ன ஜீவகாருண்யம்? கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று கடையில் விற்கிறார்களே, உடம்பெல்லாம் செதில் கவசம் போட்ட சக்கர் மீன், அது தமிழ்நாட்டு ஏரிகளில் இன்று வலையைக் கிழித்துக்கொண்டு மீனவர்களை அழவைப்பது இப்படி யாரோ இரக்கப்பட்டு விட்டதால்தான்.

நமக்குத் தெரிந்த கதைதான்

இதெல்லாம் அதிகப்படியான பயம் என்று நினைப்பவர்களுக்கு மூன்று உதாரணம். மூன்றும் நாம் தினமும் பார்ப்பவை.

ஒன்று, ஜிலேபி மீன். சந்தையில் இதை நம்ம ஏரி மீன் என்றுதான் வாங்குகிறோம். இது ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. இந்தியாவுக்கு வந்தது 1952-ல். வந்து எழுபது வருடம்தான் ஆகிறது. இன்று ஏரிகளில் வலை போட்டால் கூடை கூடையாக இதுதான் ஏறுகிறது. கெண்டைக்கும் கெளுத்திக்கும் இருந்த இடத்தை இது எடுத்துக்கொண்டது.

இரண்டு, வெங்காயத் தாமரை. ஆகாயத்தாமரை என்றும் சொல்கிறோம். தென் அமெரிக்கச் செடி. பூ அழகாக இருக்கிறது என்று தோட்டத்துக்காக, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதாவது இதுவும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் ஆசையாக வைத்த தொட்டிக்குளத்துச் செடிதான். இன்று அதை அள்ள பொக்லைன் தேவைப்படுகிறது. அள்ளிய சில மாதத்தில் மறுபடி மூடுகிறது. மேலே சொன்ன நூறு பேர் பட்டியலில் இதுவும் உண்டு.

மூன்றாவது, நமக்குக் கொஞ்சம் வெட்கமான உதாரணம். வாய்க்கால் ஓரமெல்லாம் ஊதாப்பூ பூத்து நிற்குமே, நெய்வேலி காட்டாமணக்கு. பெயரைக் கேட்டால் நம்ம மண்ணின் செடி மாதிரி இருக்கிறது. அது நெய்வேலிச் செடியும் இல்லை, காட்டாமணக்கும் இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வகை ஐபோமியா. ஆடு மாடு வாய் வைக்காது, தொடர்ந்து தின்றால் அவற்றுக்கு விஷம். ஒரு குச்சி ஒடிந்து ஈரத்தில் விழுந்தால் வேர் விட்டுவிடும். ஏரிக்கரையையும் வாய்க்காலையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. எங்கிருந்தோ வந்த செடிக்குத் தமிழ்நாடு முழுக்க நம்ம பக்கத்து ஊர்ப் பெயர்!

மூன்றிலும் ஒரே பாடம். கொண்டுவந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவர் உணவுக்காக, ஒருவர் அழகுக்காக, ஒருவர் வேலிக்காக. விட்ட பிறகு திரும்பப் பிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் எப்படி அமைப்பது?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நன்றாக இருக்காது. செய்முறையையும் சொல்லிவிடுகிறேன்.

தொட்டி: மூன்றடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள சிமெண்ட் தொட்டி போதும். கிணற்று உறைக்கு அடி பூசியும் செய்துகொள்ளலாம். இதில் சுமார் 300 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 300 கிலோ, அதனால் பழைய மாடியில் ஏற்றும் முன் யோசிக்கவும். ஒரு அடிக்கும் குறைவான ஆழமுள்ள தொட்டி வேண்டாம். அக்னி நட்சத்திர வெயிலில் கொதித்துவிடும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல் கரையும், 35 டிகிரியில் 7 மில்லிகிராம்தான். நம்ம ஊரில் தறி உள்ள வீடுகளில் பழைய சாயத் தொட்டி சும்மா கிடக்கும். தயவுசெய்து அதை எடுக்காதீர்கள். சிமெண்டில் ஊறிய சாயம் எத்தனை கழுவினாலும் போகாது.

புது சிமெண்ட் சுண்ணாம்பைக் கக்கும், மீன் செத்துவிடும். வாழை மட்டையை வெட்டிப் போட்டு, தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் ஊறவிட்டுக் கொட்டுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை. பிறகு நன்றாகக் கழுவி நிரப்பலாம்.

இடம்: காலை வெயில் நாலைந்து மணி நேரமாவது விழ வேண்டும். இல்லாவிட்டால் அல்லி பூக்காது. மதியத்துக்கு மேல் நிழல் இருந்தால் நல்லது. முருங்கை, வேம்பு போல இலை கொட்டும் மரத்தடி வேண்டாம்.

தண்ணீர்: குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் இருக்கும். ஒரு நாள், இரண்டு நாள் வெயிலில் திறந்து வைத்தால் போய்விடும். போர் தண்ணீரையும் ஒரு நாள் காற்றாட விடுங்கள்.

செடி: ஏரி வண்டல் அல்லது களிமண்ணை ஒரு மண்சட்டியில் நிரப்பி, அல்லிக் கிழங்கை நட்டு, மேலே ஒரு விரல்கடை ஆற்று மணல் போட்டு இறக்குங்கள். சாணம், உரம் எதுவும் வேண்டாம், தண்ணீர் பச்சையாகிவிடும். முதலில் செங்கல் மேல் வைத்து, இலை வளர வளரக் கீழே இறக்கலாம். மூன்றடித் தொட்டிக்குத் தாமரையை விட அல்லிதான் பொருத்தம். தாமரை தொட்டி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். அல்லியோடு கொட்டியும், அடியில் கொஞ்சம் வேலம்பாசியும் போதும். ஓரத்தில் சட்டியோடு வசம்பு அல்லது வல்லாரை வைக்கலாம். கொட்டியும் ஆம்பலும் குளம் வற்றினாலும் விட்டுப் போகாதவை என்று மூதுரை சொல்வதைச் சின்ன வயதில் படித்திருக்கிறோம். அது உறவுக்குச் சொன்ன உவமை என்றாலும் தாவரவியலும் சரிதான். கிழங்கு மண்ணுக்குள் காத்திருந்து அடுத்த மழைக்கு முளைக்கும். விலை கொடுத்து வாங்கும் எந்த வெளிநாட்டுச் செடியை விடவும் நம்ம வெயிலுக்குத் தாங்கும்.

செடி வைத்து இரண்டு மூன்று வாரம் மீன் விடாமல் பொறுத்திருங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை! மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கே விஷம். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா தொட்டியில் உருவாக நாள் பிடிக்கும். அந்த நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கொள்ளும். இந்தச் சக்கரம் ஓட ஆரம்பித்துவிட்டால் மோட்டாரும் பில்டரும் இல்லாமலே தொட்டி தெளிவாக இருக்கும்.

மீன்: வயல் வாய்க்காலில் மேல்மட்டத்திலேயே நீந்திக்கொண்டிருக்கும் ஒரு விரல் நீளச் சிறு மீன் ஒன்று உண்டு, தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு மின்னும். ஆங்கிலத்தில் பேன்சாக்ஸ் என்கிறார்கள். வாய் மேல்நோக்கி இருப்பதால் தண்ணீர்ப் பரப்பில் இருக்கும் கொசுப்புழுவைப் பிடிப்பதில் கெட்டிக்காரன். அதோடு சிறு கெண்டை நாலு, அடியில் மேய அயிரை இரண்டு மூன்று. 300 லிட்டருக்கு மொத்தம் பத்து போதும். விரால் குஞ்சு சிவப்பாக அழகாக இருக்கிறது என்று கொண்டுவராதீர்கள், வளர்ந்தால் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஆமையைத் தொடவே வேண்டாம். நம்ம குளத்து ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, பிடித்து வைப்பது குற்றம்.

தீனி ஒரு சிட்டிகை போதும், போடாவிட்டாலும் பிழைக்கும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆக்ஸிஜன் குறைவு என்று அர்த்தம். இரவில் செடியும் ஆக்ஸிஜனைத்தான் எடுத்துக்கொள்ளும். பாசியைக் கொஞ்சம் அள்ளிவிட்டு, கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள்.

கடைசியாக இரண்டு கட்டாயங்கள். விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே ஒரு துளை போட்டு, கொசுவலைத் துணி கட்டிவிடுங்கள். மழையில் தண்ணீர் வெளியே போகும், மீன் போகாது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடாக இருந்தால் மேலே கம்பி வலை போடுங்கள். ஒரு அடித் தண்ணீர்கூடக் குழந்தைக்கு ஆபத்து.

எதிர்க்கேள்விகள்

"எல்லாரும் வாய்க்காலில் மீன் பிடித்தால் அங்கே குறையாதா?" குறையும், பேராசைப்பட்டால். ஒருவருக்குப் பத்து மீன் போதும், அவை தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கும். பக்கத்து வீட்டுக்கு அங்கிருந்து கொடுங்கள். தை, மாசியில் வற்றிக்கொண்டிருக்கும் குட்டையில் எடுத்தால், வெயிலில் சாகப்போகும் மீனைத்தான் எடுக்கிறோம்.

"கலர் மீன் அளவுக்கு அழகாக இருக்காதே?" இது ரசனை விஷயம், சண்டை போட மாட்டேன். சென்னை கொளத்தூரில் கலர் மீன் வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம், அவர்கள் தொழிலுக்கும் நான் எதிரி இல்லை. கலர் மீன் வேண்டுமா, வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் வையுங்கள். வளர்க்க முடியாவிட்டால் கடைக்கோ நண்பருக்கோ கொடுங்கள். ஏரிக்கு மட்டும் கொடுக்காதீர்கள். வானம் பார்த்த தொட்டிக்கு வாய்க்கால் மீன்தான்.

"சுகாதாரத் துறையே கம்பூசியா விடும்போது நான் மட்டும் திருந்தி என்ன ஆகும்?" இதுதான் உண்மையிலேயே கஷ்டமான கேள்வி. டெங்குவில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் உள்ளூர் மீன் இனம் பற்றிப் பேச யாருக்கும் துணிவு வராது. உயிர்தான் முதலில். ஆனால் இங்கே உயிரா மீனா என்ற போட்டியே இல்லை. கொசுப்புழுவைத் தின்ன நம்ம வாய்க்காலிலேயே மீன் இருக்கிறது. நம்ம ஊர்ச் சிறு மீன்களின் புழு தின்னும் திறனைப் பற்றி ஆராய்ச்சிகளும் நடந்திருக்கின்றன. கம்பூசியா பண்ணை வைப்பது போல இவற்றுக்கும் ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு பண்ணை வைத்து வீட்டுக்கு ஐந்து மீன் கொடுத்தால் என்ன? பள்ளிக்கூடத்தில் ஒரு தொட்டி வைத்தால் போதும், அறிவியல் பாடமும் ஆச்சு, மீன் பண்ணையும் ஆச்சு. இதற்குப் பெரிய பட்ஜெட் எதுவும் தேவையில்லை.

அதுவரை நாம் செய்யக்கூடியது இது. ஒரு தொட்டி, ஒரு அல்லிக் கிழங்கு, பத்து வாய்க்கால் மீன். தவளையையும் தட்டானையும் நீங்கள் அழைக்க வேண்டாம், தண்ணீரைப் பார்த்தால் தாமாகவே வரும். நாளைக்கே ஒரு பெருமழையில் தொட்டி வழிந்து எல்லாம் பெருமாள் ஏரிக்கே போனாலும் கவலையில்லை. அவை அந்த ஏரியிலேயே இருந்தவைதான்.